பில் இல்லாத கேமராவும் திருச்செங்கோட்டு முகூர்த்தமும்: எங்கே வாங்குவது லாபம்?

ஆடி முடிந்து ஆவணி பிறந்துவிட்டால் திருச்செங்கோட்டு மண்டபங்களுக்கு ஓய்வே கிடையாது. ஒரே முகூர்த்தத்தில் ஊருக்குள் நாலு கல்யாணம் என்றால், சங்ககிரி, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் இன்னும் பல. முதல் நாள் சாயங்காலச் சீரில் ஆரம்பித்து மறுநாள் பந்தி முடியும்வரை கேமராவைக் கையிலிருந்து இறக்காமல் நிற்பவர்கள் ஸ்டுடியோக்காரர்கள்தான். அவர்களுக்குப் புது கேமரா வாங்குவது பற்றி நிதானமாக யோசிக்க நேரம் கிடைப்பது ஆடியில் மட்டும்தான். ஆடித் தள்ளுபடி விளம்பரமும், ஆகஸ்ட் 15 ஆன்லைன் ஆஃபரும், 'பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தரலாம்' என்கிற வாட்ஸ்அப் தகவலும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து சேரும்.

ஒன்றரை லட்சம் ரூபாய் முதல் போடும் விஷயம் இது. நகையை அடகு வைத்தோ, இஎம்ஐ போட்டோ வாங்குகிறவர்கள்தான் அதிகம். கேமரா மணமேடையில் நின்றுபோனால் தாலி கட்டுவதை இன்னொரு முறை கட்டச் சொல்ல முடியாது. ஆனாலும் பலர் வாங்குவதற்கு முன்னால் கேட்கும் முதல் கேள்வி, 'எங்கே கம்மி?' என்பதுதான்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஊருக்கு இது புதிதாகச் சொல்ல வேண்டிய பாடமே இல்லை. போர்வெல் ரிக் வண்டிகளுக்கு நாடு முழுக்கப் பெயர்போன ஊர் திருச்செங்கோடு. இங்கே யாரும் ரிக் வண்டியையும் கம்ப்ரசரையும் விலையை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காட்டில் வண்டி நின்றால் ஸ்பேர் எங்கே கிடைக்கும், யார் வந்து பார்ப்பார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். கேமரா என்று வரும்போது மட்டும் அந்த விசாரணை காணாமல் போய்விடுகிறது.

பெரிய கடையில் ஒரு கண்ணாடி அலமாரி

ஈரோடு 20 கிலோமீட்டர்தான். சேலம் இன்னும் கொஞ்சம் தூரம். டி.வி., ஃபிரிட்ஜ், ஏ.சி. விற்கும் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இதுபோன்ற கடைகளில் கேமராவுக்கு என்று தனி வரிசையே இருக்கும். குடும்பத்தோடு ஊட்டி போகிறவர்கள் பாக்கெட்டில் வைக்கிற குட்டி கேமராவை அங்கேதான் வாங்கினார்கள். இப்போது அந்த வேலையை செல்போன் எடுத்துக்கொண்டது. ஜப்பானிய கேமரா நிறுவனங்களின் சங்கமான சிபா தரும் கணக்குப்படி, 2010ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. வாங்குபவர்கள் குறைந்ததும் கடைக்காரர்களும் இடத்தைக் குறைத்துவிட்டார்கள். செல்போன் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, அதில் நாலைந்து மாடல், பெரும்பாலும் 18-55 கிட் லென்ஸோடு. பல கடைகளில் அவ்வளவுதான்.

கேமரா மட்டுமே விற்ற கடைகளும் இந்த அடியிலிருந்து தப்பவில்லை. இங்கிலாந்தில் 1935ல் தொடங்கிய ஜெஸ்ஸாப்ஸ் என்கிற பெரிய கேமரா கடைச் சங்கிலி, 2013 ஜனவரியில் ஒரே வாரத்தில் தன் 187 கடைகளையும் மூட வேண்டி வந்தது. மக்கள் கடைக்கு வந்து கேமராவைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் ஆன்லைனில் ஆர்டர் போட்டார்கள். செல்போனோடு சேர்ந்து இதுவும் அந்தக் கடையைச் சாய்த்தது. நம் ஊரிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. டீலர் கடையில் அரை மணி நேரம் லென்ஸை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, 'வீட்ல கேட்டுட்டு வரேண்ணா' என்று கிளம்புவது நியாயமாகத் தெரியவில்லை.

பெரிய கடைக்கு நல்ல பக்கமும் உண்டு. கணக்கில் வரும் பில், கம்பெனி வாரன்டி, சுலபமான இஎம்ஐ, ஒரு பிரச்னை என்றால் போய் நிற்க ஒரு வாசல். கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாமல், குழந்தையின் முதல் வருடத்தைப் படமெடுக்க ஒரு கேமரா போதும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு இது தாராளமாகப் போதும்.

சிக்கல், விவரம் தேவைப்படுகிறபோதுதான். அங்கே விளக்கம் சொல்பவர் பல சமயம் கடை ஊழியரே அல்ல. ஒரு குறிப்பிட்ட கம்பெனி நிறுத்தியிருக்கும் புரமோட்டராக இருப்பார். தன் கம்பெனி கேமராவைத்தான் அவர் காட்டுவார், அது அவர் வேலை. காலையில் டி.வி., மாலையில் கேமரா என்று மாறி மாறி விற்கும் ஒருவரிடம், 'மண்டபத்துக்குள் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க எந்த லென்ஸ் வேண்டும்?' என்று கேட்டால் என்ன பதில் வரும்? கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் அதன் துவாரம் எஃப்/5.6க்குச் சுருங்கிவிடும். எஃப்/2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்குதான். விடியற்காலை முகூர்த்தத்தில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், மணமகளின் முகம் புள்ளி புள்ளியாக வருவதற்கு கேமரா காரணமில்லை, அந்த லென்ஸ்தான் காரணம்.

இஎம்ஐ பற்றியும் ஒரு வார்த்தை. 'நோ காஸ்ட்' என்று எழுதியிருந்தாலும் வட்டி எங்கேயோ ஒளிந்திருக்கும். 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி, பூஜ்ய சதவீத வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது கிரெடிட் கார்டில் நடப்பது, வட்டிக்குச் சமமான தொகையை விலையில் கழித்துக்கொடுத்து, வங்கி அந்த வட்டியை மாதாமாதம் வசூலிப்பது. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசஸிங் கட்டணமும் நம் தலையில்தான் விழும். கூடவே நீட்டப்படும் 'எக்ஸ்டென்டட் வாரன்டி'யின் பொடி எழுத்தையும் படித்துவிடுவது நல்லது. தொழிலுக்குப் பயன்படுத்தினால் செல்லாது என்று சில திட்டங்களில் இருக்கும். கல்யாண ஆர்டர் எடுப்பவருக்கு அது வெறும் காகிதம்.

டீலர் கேட்கும் கேள்விகள்

கேமரா மட்டுமே விற்கும் நல்ல டீலரை எப்படி அடையாளம் காண்பது? விலை சொல்வதற்கு முன்னால் அவர் நம்மிடம் கேள்வி கேட்பார். என்ன எடுக்கிறீர்கள், கையில் என்ன லென்ஸ் இருக்கிறது, வீடியோவும் உண்டா?

இந்த இரண்டாவது கேள்வியில் பெரிய பணம் இருக்கிறது. கேனானும் நிக்கானும் 2018ல் மிரர்லெஸ் ஃபுல் ஃபிரேம் கேமராக்களைக் கொண்டுவந்தபோது லென்ஸ் மாட்டும் வளையத்தையே மாற்றிவிட்டன. கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்களைப் புதிய ஆர் வரிசை கேமராவில் போட அடாப்டர் வேண்டும், போட்டால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யும். நிக்கானில் அப்படிச் சொல்லிவிட முடியாது. நிக்கான் ஸ்டுடியோக்காரர்கள் பலரிடம் இருக்கும் அந்த மலிவான 50 எம்எம் எஃப்/1.8 டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் மோட்டார் கிடையாது. மாட்டலாம், ஆனால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஓடிவரும் குழந்தையைக் கையால் ஃபோகஸ் செய்து பிடிக்க நினைத்தால் படம் கிடைத்த மாதிரிதான்! இது தெரியாமல் பாடி மட்டும் வாங்கியவர், அடுத்த வாரமே இன்னொரு லென்ஸுக்குப் பணம் தேட வேண்டும்.

இன்னொன்று, மெமரி கார்டு போடும் ஸ்லாட். விலை குறைந்த ஃபுல் ஃபிரேம் கேமராக்களில், உதாரணத்துக்கு கேனான் ஆர்பி, ஆர்8 போன்றவற்றில், ஒரு கார்டுதான் போட முடியும். ஆர்6, சோனி ஏ7 மூன்றாம் தலைமுறை போன்றவற்றில் இரண்டு. ஒரே படம் இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி வைத்துக்கொள்ளலாம். ஒரு கார்டு செத்துப்போனாலும் கல்யாணம் இன்னொரு கார்டில் பத்திரமாக இருக்கும். யூடியூப் சானலுக்கு வாங்குபவருக்கு இது பெரிய விஷயமில்லை. கல்யாண ஆர்டர் எடுப்பவருக்கு, மற்ற எந்த வசதியையும் விட இதுதான் முக்கியம்.

பழகிய டீலர் என்றால் இன்னும் சில உதவிகள் உண்டு. பழைய கேமராவை எடுத்துக்கொள்வார், பெரிய லென்ஸை ஒரு நாள் வாடகைக்குத் தருவார், ரிப்பேருக்குப் போன நேரத்தில் மாற்று பாடி ஏற்பாடு செய்வார். ஆன்லைன் விலையை விட அவர் நாலாயிரம் அதிகம் சொன்னால், அந்த நாலாயிரம் எதற்கு என்று இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். டீலர் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. பில் இல்லாத சரக்கு பல சமயம் இதே மாதிரி கடைகளின் உள் அறையிலிருந்துதான் வருகிறது.

குருவி கொண்டுவந்த கேமரா

பில் இல்லாத சரக்குக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு உண்டு. பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காக 1960களின் இறுதியில் சென்னை ராஜாஜி சாலையில், பீச் ஸ்டேஷன் பக்கம் உருவான பர்மா பஜார், வெளிநாட்டு கேமராவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பெயர் வாங்கியது. சிங்கப்பூர் போய்வரும் 'குருவி'கள் பெட்டியில் கொண்டுவரும் பொருள்கள் அங்கே வந்து இறங்கின. நல்ல கேமரா இங்கே கிடைக்காத காலத்தில் அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. இப்போது எல்லா மாடலும் இந்தியாவிலேயே முறையாகக் கிடைக்கிறது. ஆனாலும் 'கிரே மார்க்கெட்' தொடர்கிறது. காரணம் விலை.

விலை குறைவதன் ரகசியம் எளிது. வரி கட்டப்பட்டிருக்காது, கம்பெனியின் இந்திய வாரன்டி இருக்காது. 'கடை வாரன்டி' என்று ஒரு துண்டுச்சீட்டு தருவார்கள். கேமராக்களுக்கான வாரன்டி பெரும்பாலும் நாட்டுக்கு நாடு தனி. சிங்கப்பூர் வாரன்டி கார்டை இங்கே நீட்டினால் இலவச ரிப்பேர் கிடைக்காது. அமெரிக்காவில் நிக்கான் நிறுவனம் இப்படிப்பட்ட கேமராக்களைக் காசு கொடுத்தாலும் ரிப்பேர் செய்வதில்லை.

கண்டுபிடிக்க பெட்டியைப் பார்த்தாலே போதும். இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, எந்த நாட்டில் தயாரானது என்று ஒட்டப்பட்டிருக்க வேண்டும். 2011ம் ஆண்டின் எடையளவு விதிகள் கேட்பது இது. கேனான் இந்தியா, நிக்கான் இந்தியா, சோனி இந்தியா என்று அந்த ஸ்டிக்கரில் பெயர் இல்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெட்டி, கேமரா, பில் மூன்றிலும் சீரியல் நம்பர் ஒன்றுதானா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடுவது இரண்டு நிமிட வேலை.

பில் இல்லாமல் வாங்குவதில் வரும் நஷ்டத்தைப் பலர் கணக்குப் போடுவதில்லை. கேமராவுக்கு ஜிஎஸ்டி ஆரம்பத்தில் 28 சதவீதம், 2019 ஜனவரி 1 முதல் 18 சதவீதம். வரியோடு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு வாங்கும் கேமராவில் சுமார் 22,880 ரூபாய் வரி. வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு செய்திருக்கும் ஸ்டுடியோ, தன் ஜிஎஸ்டி எண் போட்ட பில்லோடு வாங்கினால், இந்தத் தொகையைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்படிப் பார்த்தால் பில் இல்லாமல் பதினைந்தாயிரம் குறைத்துத் தருவதாகச் சொல்பவர், உண்மையில் எட்டாயிரம் அதிகம் கேட்கிறார். கூடவே வாரன்டியும் கிடையாது! ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாததால் பதிவே செய்யாதவர்களுக்கும், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. அவர்களுக்கு வாரன்டி மட்டும்தான் கணக்கு.

ஆன்லைனில் விற்பவர் யார்?

பெரிய ஆன்லைன் தளங்கள் பெரும்பாலும் சந்தை மாதிரிதான். கடையை விரித்திருப்பவர் வேறொருவர். ஒரே கேமராவை ஐந்து பேர் விற்பார்கள், அதில் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவர் ஒருவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். விலைக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் விற்பனையாளர் பெயரைத் தட்டிப் பார்த்து, அதைக் கம்பெனி இணையதளத்தில் இருக்கும் அங்கீகாரம் பெற்றவர்கள் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். 'ரிட்டர்ன்' என்று போட்டிருப்பது பணம் திரும்பவா, மாற்றுப் பொருளா, சர்வீஸ் சென்டரில் பார்த்துவிட்டு மாற்றுவதா என்பதையும் படிக்க வேண்டும். மூன்றும் வேறு வேறு.

நம் ஊர்ப்பக்கம் ஒரு பழக்கம் உண்டு. குறிப்பிட்ட வங்கி கார்டுக்குத்தான் ஆஃபர் என்றால் நண்பரின் கார்டில், நண்பரின் கணக்கிலேயே ஆர்டர் போட்டுவிடுவார்கள். பில் நண்பர் பெயரில் வரும். பிறகு வாரன்டி பதிவு, ஜிஎஸ்டி, புகார் எல்லாவற்றுக்கும் அவர் பின்னால் அலைய வேண்டும். கார்டு யாருடையதாக இருந்தாலும் கணக்கும் பில் முகவரியும் வாங்குபவர் பெயரில் இருப்பது நல்லது. பார்சலைப் பிரிக்கும்போது ஒட்டிய டேப்பில் தொடங்கி சீரியல் நம்பர் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வைக்க வேண்டும். வீட்டு வாசலிலேயே திறந்து காட்டும் டெலிவரி என்றால், பொருளைப் பார்க்கும் முன் ஓடிபி சொல்லக் கூடாது.

மெமரி கார்டையும் பேட்டரியையும் மட்டும் ஆன்லைனில் 'செம ஆஃபர்' பார்த்து வாங்காமல் இருப்பது உத்தமம். போலி கார்டு 128 ஜிபி என்று காட்டும், உள்ளே இருப்பது அதில் ஒரு துண்டுதான். அந்த இடம் நிறைந்த பிறகு எடுக்கும் படங்கள் பதிவானதுபோலத் தெரியும், திறந்தால் வராது. புதுக் கார்டு எங்கே வாங்கினாலும், ஆர்டருக்குக் கொண்டுபோகும் முன் ஒருமுறை முழுதாக நிரப்பி, கம்ப்யூட்டரில் திறந்து பார்த்துவிட வேண்டும்.

ஏமாந்துவிட்டால்?

இதில் ஸ்டுடியோக்காரர்கள் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்று நினைக்கிறார்கள். சட்டம் வணிக நோக்கத்தை விலக்குவது உண்மைதான். ஆனால் சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது என்று 2019ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்கம் தருகிறது. ஒரு கேமராவை வைத்து முகூர்த்தம் முகூர்த்தமாக ஓடும் போட்டோகிராபர் இந்த விளக்கத்துக்குள் வருவார்.

இன்னொரு வசதி, டெல்லியில் இருக்கும் ஆன்லைன் விற்பனையாளர் மீது டெல்லி போய்ப் புகார் கொடுக்க வேண்டியதில்லை. வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு அது நாமக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் ஆன்லைன் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுவது ஒரு வழி. 2020ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிப்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் பேசலாம்.

'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். பழுதான பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற வணிகம் என்கிறது அதே சட்டம். பில் கொடுக்காமல் இருப்பதும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. ஆனால் பணம் கொடுத்ததற்கு ஆதாரமே இல்லாமல் வாங்கியவர் எதை வைத்து வழக்குப் போடுவார்?

விஸ்காம் படிக்கப்போகும் பிள்ளைக்கு கேமரா கேட்டு வீட்டில் நச்சரிப்பு இருந்தால், அந்தப் பெற்றோருக்கு மட்டும் ஒரு தனி யோசனை. முதல் வருடத்துக்குப் புதிது தேவையே இல்லை. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றை, முதலில் வாங்கியவரின் பில்லோடு, தெரிந்த ஸ்டுடியோக்காரரிடமோ டீலரிடமோ வாங்கலாம். இதுவரை எத்தனை முறை ஷட்டர் அடித்திருக்கிறது என்பதைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நிக்கானில் எடுத்த படத்தின் தகவலிலேயே அந்த எண் இருக்கும். பல நடுத்தர மாடல்களுக்கு ஒரு லட்சம் முதல் ஒன்றரை லட்சம் கிளிக் வரை ஆயுள் என்று கம்பெனிகள் சொல்கின்றன. ஒரு கல்யாண சீசனில் ஒரு ஸ்டுடியோ கேமரா எத்தனை ஆயிரம் அடிக்கும் என்பதை நினைத்துப் பார்த்துவிட்டு, விலை பேச உட்காரலாம். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்ளே நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறதா என்பது தெரிந்துவிடும். தெரிந்தால் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.